சென்ட்ரோசோம் புள்ளி தெரியவில்லையா? மலை ஆய்வகத்துக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஊட்டியில் ஜனவரிக் காலை. புல்வெளியில் உறைபனி படிந்திருக்கிறது. ஆய்வகச் சுவரில் வெப்பமானி 9 டிகிரி காட்டுகிறது. முதுகலை மாணவி ஒருத்தி இருட்டறையிலிருந்து வெளியே வந்து, "மேடம், புள்ளியே இல்லை" என்கிறாள். பல ஆண்டுகளாக நான் கேட்டுவரும் வாக்கியம் இது. அதற்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் ஒன்று பிழையே அல்ல. பூண்டு வேரில் புள்ளி இல்லாமல் இருப்பதுதான் சரியான விடை. அதை உணராமல் கேமராவின் ஒளி நேரத்தைக் கூட்டிக்கூட்டி, கடைசியில் எங்கோ ஒரு தூசியைப் புள்ளி என்று படமெடுத்த மாணவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எதைத் தேடுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். விலங்குச் செல்லில் உட்கருவை ஒட்டி இரண்டு சென்ட்ரியோல்கள், அவற்றைச் சுற்றி அடர்ந்த புரதப் பொதி. இரண்டும் சேர்ந்ததே சென்ட்ரோசோம். சென்ட்ரியோலின் அகலம் ஏறக்குறைய 0.2 மைக்ரான், நீளம் அரை மைக்ரான் அளவு. சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டக்கூடிய எல்லையும் ஏறக்குறைய அதுதான். ஆகவே எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் நமக்குத் தெரிவது ஒரு புள்ளி, அல்லது நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகள். அதைக் காட்டப் பெரும்பாலும் காமா ட்யூபுலின், பெரிசென்ட்ரின், சென்ட்ரின் ஆகிய மூன்று புரதங்களுக்கான ஆன்டிபாடிகளைப் பயன்படுத்துகிறோம். தேடும் புரதத்தைப் பிடிப்பது முதல் ஆன்டிபாடி, அதைப் பிடித்து ஒளிரும் சாயத்தைச் சுமந்து வருவது இரண்டாம் ஆன்டிபாடி.

தொடங்குவதற்கு முன்: ஆட்டு மூச்சுக்குழாய்

எந்தக் குறியைத் தேடிப் போவதற்கு முன்பும், புள்ளி நிச்சயம் இருக்கும் ஒரு மாதிரியை அதே நாளில், அதே கரைசல்களில், உங்கள் மாதிரிக்குப் பக்கத்திலேயே ஓட்டுங்கள். செல் வளர்ப்பு வசதி உள்ளவர்கள் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் மனிதச் செல் வகையான ஹீலாவை எடுப்பார்கள். எங்களிடம் அது இல்லாத காலத்தில் கைகொடுத்தது மார்க்கெட் ஆட்டிறைச்சிக் கடை. "பாய், மூச்சுக்குழாயை வெட்டாமல் ஒரு சாண் நீளத்துக்குத் தாருங்கள்" என்று முதல் நாளே சொல்லி வைத்தால் போதும். வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் வந்துவிட வேண்டும். குழாயைப் பிளந்து, உள்சுவரை மழுங்கிய கத்தியால் மெல்லச் சுரண்டி, ஒரு துளியைச் சாயம் எதுவும் இல்லாமல் நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். செல் கூட்டங்கள் தாமாகவே சுழன்றுகொண்டிருக்கும். அவற்றின் மேல் விளிம்பில் குறுஇழைகள் நாற்றங்கால் காற்றில் அலைவதுபோல அடித்துக்கொண்டிருக்கும். அந்த ஒவ்வோர் இழையின் அடியிலும் ஓர் அடித்துகள் உண்டு. அமைப்பில் அது சென்ட்ரியோலேதான். ஒரே செல்லில் நூறு, இருநூறு. சென்ட்ரின் ஆன்டிபாடி வேலை செய்தால் செல்லின் மேல் விளிம்பு முழுவதும் பொட்டு வைத்த வரிசையாக ஒளிரும். அது ஒளிராவிட்டால் உங்கள் வேர் மாதிரியைக் குறை சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

ஓர் எச்சரிக்கை. ஆட்டிலிருந்து எடுத்த முதல் ஆன்டிபாடியையும், ஆட்டு ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடியையும் இந்தத் திசுவில் பயன்படுத்தாதீர்கள். ஆட்டின் சொந்த ஆன்டிபாடிகள் எல்லாம் சேர்ந்து ஸ்லைடு முழுவதும் எரியும். எலி, முயல் ஆன்டிபாடிகளே இங்கே சரி.

மூன்றாவதாக ஒரு ஸ்லைடு: உங்கள் மாதிரி, முதல் ஆன்டிபாடி இல்லாமல், இரண்டாம் ஆன்டிபாடி மட்டும். இந்த மூன்றும் இல்லாமல் என் மேசைக்கு வரும் படத்தை நான் பார்ப்பதில்லை.

குறி: விலங்குச் செல்லிலும் புள்ளி இல்லை

முதலில் டாபி சாயத்தில் உட்கரு தெரிகிறதா என்று பாருங்கள். அதுவும் தெரியாவிட்டால் கோளாறு விளக்கில் அல்லது ஃபில்டரில். பாதரச விளக்கின் ஆயுள் சுமார் 200 மணி நேரம்தான். மணிக் கணக்கை எழுதி வைக்காத ஆய்வகங்களில் இந்தக் காரணம் எளிதாகத் தப்பிவிடும்.

உட்கரு தெரிகிறது, புள்ளி இல்லை என்றால் ஃபோகஸ் திருகை மெல்ல மேலும் கீழும் திருப்புங்கள். அரை மைக்ரான் பொருள், பத்து மைக்ரான் தடித்த செல். உட்கருவைக் கூர்மையாகக் காட்டும் தளத்தில் சென்ட்ரோசோம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதன் தலைமேலும் இருக்கலாம், அடியிலும் இருக்கலாம். "இல்லை" என்று சொல்லப்பட்ட புள்ளிகளில் பலவற்றை நான் இந்த ஒரு திருகலில் கண்டிருக்கிறேன்.

அடுத்தது நிலைப்படுத்தல், அதாவது செல்லை இருந்தது இருந்தபடி உறையவைக்கும் வேதிப் படி. இங்கேதான் அதிகம் தவறுகிறோம். பாராஃபார்மால்டிஹைடு புரதங்களை ஒன்றோடொன்று பின்னிவிடுகிறது. சென்ட்ரோசோமைச் சுற்றியுள்ள பொதியோ ஏற்கெனவே அடர்த்தியானது. பின்னப்பட்ட பிறகு ஆன்டிபாடி உள்ளே நுழைய இடமிருக்காது. நுழைந்தாலும் அது பிடிக்க வேண்டிய இடம் மறைந்திருக்கும். காமா ட்யூபுலினுக்குப் பலர் பயன்படுத்தும் ஜிடியு-88 உள்ளிட்ட பல சென்ட்ரோசோம் ஆன்டிபாடிகளுக்கு, மைனஸ் 20 டிகிரியில் வைத்த மெத்தனாலில் 5 முதல் 10 நிமிடம் என்பதே என் முதல் தேர்வு. மெத்தனால் உண்மையிலேயே மைனஸ் 20-இல் இருக்க வேண்டும். கவர் ஸ்லிப்பைப் போடும்போது அதில் நீர் ஒட்டியிருக்கக் கூடாது. ஓரத்தை வடிதாளில் தொட்டு எடுத்துவிட்டு உடனே அமிழ்த்துங்கள். மெத்தனால் ஜிஎஃப்பி என்னும் பச்சை ஒளிர்புரதத்தின் ஒளிர்வைக் கெடுக்கும், ஆக்டின் இழைகளைப் பார்க்க ஃபலாய்டினுக்கும் உதவாது. அவை தேவையென்றால் தனி ஸ்லைடு போடுங்கள்.

இதற்குப் பிறகும் இல்லையென்றால்தான் ஆன்டிபாடிக் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். மழைக்காலத்தில் மலையில் மின்சாரம் போய்ப்போய் வரும். ஒவ்வொரு முறையும் ஃப்ரீஸரில் இருக்கும் குழாய் உருகி மீண்டும் உறைகிறது. நான்கைந்து முறை இப்படி நடந்தால் ஆன்டிபாடி திரண்டு பாழாகும். வாங்கிய அன்றே ஐந்து ஐந்து மைக்ரோலிட்டராகப் பிரித்துவிடுங்கள். தயாரிப்புக் குறிப்பு அனுமதித்தால் சரிபாதி கிளிசரால் சேர்த்து வையுங்கள். மைனஸ் 20-இலும் அது உறையாது, ஆகவே உருகவும் செய்யாது.

குறி: புள்ளி இருக்கிறது, ஆனால் செல் முழுவதும் மூடுபனி

காமா ட்யூபுலினின் பெரும்பகுதி சென்ட்ரோசோமில் இல்லை. செல்நீர்மத்தில் கரைந்து மிதக்கிறது. ஆகவே இந்த மூடுபனியில் ஒரு பங்கு உண்மையானதே. அதைக் குறைக்க, நிலைப்படுத்துவதற்கு முன் உயிர்ச்செல்லை வெதுவெதுப்பான பைப்ஸ்–ஈஜிடிஏ பஃபரில் செல் சவ்வைத் துளைக்கும் சோப்புப் பொருளான டிரைட்டானை 0.5 சதவீதம் கலந்து அரை நிமிடம் மட்டும் கழுவுங்கள். மிதக்கும் புரதம் வெளியேறிவிடும். சென்ட்ரோசோம் தன் இடத்தில் நிற்கும். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் செல்லே கிளம்பிவிடும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். அதன் பிறகே ஆன்டிபாடியை இன்னும் நீர்க்கச் செய்வதைப் பற்றி யோசியுங்கள்.

ஸ்லைடின் ஓரம் மட்டும் பளிச்சென்று எரிந்தால் அது உலர்ந்த ஓரம். ஈரப்பெட்டியில் நனைத்த தாளை வைக்க மறந்திருப்பீர்கள்.

குறி: புள்ளி பளிச்சென்று இருக்கிறது, நுண்குழல்களைக் காணோம்

இது நம் மலைக்கே உரிய குறி. சமவெளியில் எழுதப்பட்ட செய்முறையில் "அறை வெப்பநிலையில் கழுவுக" என்று இருக்கும். அங்கே அறை என்றால் 28 டிகிரி. இங்கே ஜனவரியில் 9 டிகிரி. சென்ட்ரோசோமிலிருந்து முளைக்கும் ட்யூபுலின் இழைகளே நுண்குழல்கள். விலங்குச் செல்லில் அவை குளிரில் கலைந்துவிடும். பனிக்கட்டியில் அரை மணி நேரம் வைத்தால் பெரும்பாலானவை இருக்காது. குளிர்ந்த மேசைமேல் வைத்த தட்டு, குளிர்ந்த பஃபரில் இரண்டு கழுவல் ஆகியவையே அவற்றைக் குலைக்கத் தொடங்கப் போதும். ஆல்ஃபா ட்யூபுலின் சாயத்தில் இழைகளுக்குப் பதில் மங்கிய படலம் மட்டும் தெரியும். சென்ட்ரோசோம் குளிருக்கு அசையாது, அதனால்தான் புள்ளி மட்டும் நிற்கிறது. பஃபர், பாராஃபார்மால்டிஹைடு இரண்டையும் 37 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து, தட்டை இன்குபேட்டரிலிருந்து எடுத்த நொடியில் ஊற்றுங்கள்.

இதே குறையை நல்ல சோதனையாகவும் மாற்றலாம். வேண்டுமென்றே பனிக்கட்டியில் அரை மணி வைத்து, 37 டிகிரி ஊடகத்தில் ஒன்று அல்லது இரண்டு நிமிடம் விட்டு, உடனே நிலைப்படுத்துங்கள். கலைந்த நுண்குழல்கள் மீண்டும் முளைக்கத் தொடங்கியிருக்கும், பெரும்பாலும் உங்கள் புள்ளியிலிருந்தே, சிறு நட்சத்திரம்போல. நீங்கள் பார்த்த புள்ளி சென்ட்ரோசோம்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

குறி: புள்ளிகள் ஏராளம்

ஒன்று இரண்டல்ல, செல்லுக்கு வெளியேயும் சிதறிக் கிடக்கின்றன என்றால் அவை திரண்ட ஆன்டிபாடிக் கட்டிகள். குழாயைப் பயன்படுத்துவதற்கு முன் வேகமான சென்ட்ரிஃபியூஜில் பத்து நிமிடம் சுழற்றி, மேல் நீரை மட்டும் எடுங்கள். செல்லுக்குள்ளே மட்டும், சென்ட்ரோசோமைச் சுற்றித் தூவியதுபோல இருந்தால், உங்கள் ஆன்டிபாடி பிசிஎம்1 புரதத்துக்கானதா என்று பாருங்கள். அந்தத் துகள்கள் உண்மையானவை. செல்லுக்கு மூன்று, நான்கு தெளிவான புள்ளிகள் என்றால் புற்றுநோய்ச் செல் வகைகளில் அது இயல்பாகவே நடப்பதுண்டு. ஆனால் எண்ணி எழுதுவதற்கு முன் வேறொரு சென்ட்ரோசோம் புரதத்தின் ஆன்டிபாடியை வேறு நிறத்தில் போட்டு, இரண்டு நிறமும் ஒரே இடத்தில் விழும் புள்ளியை மட்டும் எண்ணுங்கள்.

சென்ட்ரின் ஆன்டிபாடி உட்கருவையும் ஒளிரச் செய்கிறதா? அஞ்ச வேண்டாம். சென்ட்ரின் 2 உட்கருவில் டிஎன்ஏ பழுதுநீக்கும் கூட்டமைப்பிலும் வேலை செய்கிறது.

குறி: முன்சீரத்திலும் புள்ளி

முயலுக்கு ஊசி போடுவதற்கு முன் எடுத்த சீரத்தை ஒப்பீட்டுக்காகப் போட்டேன், அதிலும் சென்ட்ரோசோம் ஒளிர்கிறது என்று ஒரு மாணவர் கலங்கி நின்றார். கலங்க வேண்டியதுதான், ஆனால் அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. எந்தத் தடுப்பூசியும் பெறாத சில முயல்களின் சீரம் சென்ட்ரியோலையும் அடித்துகளையும் ஒளிரச் செய்கிறது என்பதைக் கானலியும் கால்னின்ஸும் 1978-லேயே வெளியிட்டார்கள். ஆகவே முயலின் சீரத்திலிருந்து எடுத்த பல்குல (பாலிகுளோனல்) ஆன்டிபாடி எதுவாக இருந்தாலும், அந்தக் குறிப்பிட்ட முயலின் முன்சீரம் இல்லாமல் சென்ட்ரோசோம் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். முன்சீரம் கிடைக்காவிட்டால், ஆன்டிபாடியை, அதைத் தயாரிக்க முயலுக்குச் செலுத்திய பெப்டைடுடன் முன்கூட்டியே கலந்து வைத்து, புள்ளி மறைகிறதா என்று பாருங்கள். மறைய வேண்டும்.

குறி: பூண்டு வேரில் எதுவுமே இல்லை

வேருக்கு நாங்கள் மலைப்பூண்டை எடுக்கிறோம். 16 குரோமோசோம்கள், ஒவ்வொன்றும் பெரியது, மைட்டாசிஸின் படிகளைத் தேட வேண்டியதில்லை. அறுவடை முடிந்த புதிதில் பல் முளைக்க மறுக்கும். சில மாதம் கட்டித் தொங்கவிட்ட பூண்டைக் கேளுங்கள்.

"எதுவுமே இல்லை" என்றால் காமா ட்யூபுலினை விட்டுவிட்டு முதலில் ஆல்ஃபா ட்யூபுலின் ஆன்டிபாடியைப் போடுங்கள். தாவரச் செல்லில் அது நிச்சயம் இழைகளைக் காட்ட வேண்டும். அதுவும் காட்டாவிட்டால் ஆன்டிபாடி உள்ளே நுழையவே இல்லை. செல்சுவர் கதவைச் சாத்தியிருக்கிறது. வேர் நுனியைப் பைப்ஸ்–ஈஜிடிஏ பஃபரில் 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் ஒரு மணி நேரம் நிலைப்படுத்தி, நன்றாகக் கழுவி, செல்லுலேஸும் பெக்டினேஸும் சேர்ந்த கரைசலில் அரை மணி வையுங்கள். ஊசி முனையால் தொட்டால் நுனி வெண்ணெய்போல நசுங்க வேண்டும். தொட்டதும் துள்ளி நகர்ந்தால் இன்னும் பத்து நிமிடம். இங்கே கண்ணைவிட விரல்தான் நம்பகமானது.

கடையில் வாங்கும் செல்லுலேஸ் தூளில் புரதத்தைச் செரிக்கும் நொதிகளும் கலந்திருக்கும். சுவரோடு சேர்த்து உங்கள் புரதத்தையும் அவை தின்றுவிடும். புரோட்டியேஸ் தடுப்பான் சேர்க்காமல் நேரத்தை மட்டும் நீட்டினால், கதவு திறந்திருக்கும், வீட்டில் பொருள் இருக்காது. சுவர் கரைந்தபின் ஒரு சதவீத டிரைட்டானில் கால் மணி, ஆன்டிபாடியில் இரவு முழுவதும்.

குறி: வேரில் ஒளி இருக்கிறது, புள்ளி மட்டும் இல்லை

இங்கே சற்று நில்லுங்கள். உட்கருவைச் சுற்றி மங்கிய வளையம், பிரியும் செல்லில் குரோமோசோம்களை இழுக்கும் கதிர்கோல் நெடுகப் படர்ந்து துருவப்பக்கம் அடர்ந்த ஒளி, செல் இரண்டாகும்போது நடுவில் புதுச் சுவரைக் கட்டும் ஃப்ராக்மோபிளாஸ்ட்டில் ஒளி. காமா ட்யூபுலின் ஆன்டிபாடி பூக்கும் தாவரத்தில் காட்ட வேண்டியது இதைத்தான். சோதனை வெற்றி. பூக்கும் தாவரங்களுக்குச் சென்ட்ரியோல் இல்லை. நுண்குழல்களை விதைக்கும் வேலை ஒரே புள்ளியில் குவியாமல் உட்கருவின் உறையிலும் செல்லின் ஓரத்திலும் பரவியிருக்கிறது.

இதைக் கண்ட வழியே ஆன்டிபாடி வழிதான். தோல் இறுகும் நோயுள்ள ஒருவரின் சீரம் விலங்குச் செல்லின் சென்ட்ரோசோமைப் பிடித்தது. அதே சீரத்தை 1985-இல் கிளேட்டன், பிளாக், லாய்டு மூவரும் வெங்காய வேர்ச்செல்லில் போட்டார்கள். புள்ளி கிடைக்கவில்லை, உட்கருவின் மேற்பரப்பிலும் கதிர்கோலின் துருவங்களிலும் பரவிய ஒளி கிடைத்தது. புள்ளி இல்லையே என்று அவர்கள் ஸ்லைடைக் கழுவி வைத்திருந்தால் அந்தக் கட்டுரை வந்திருக்காது. காமா ட்யூபுலின் 1989-இல் ஒரு பூஞ்சையில் கண்டறியப்பட்டது. 1993-இல் அதன் ஆன்டிபாடி உயர் தாவரங்களின் நுண்குழல் அமைப்புகளோடு சேர்ந்து நகர்வதைக் காட்டினார்கள்.

ஆன்டிபாடியைத் தேர்ந்தெடுக்கும்போதும் இது நினைவில் இருக்கட்டும். காமா ட்யூபுலின் பூஞ்சை, விலங்கு, செடி மூன்றிலும் பெரிதும் மாறாதது. ஒன்றுக்குத் தயாரித்த ஆன்டிபாடி மற்றதிலும் வேலை செய்ய வாய்ப்பு அதிகம். பெரிசென்ட்ரின் ஆன்டிபாடியைப் பூண்டு வேரில் போட்டு ஒளி கிடைத்தால் மகிழாதீர்கள். அது வேறு எதையோ பிடித்திருக்கிறது என்றே முதலில் கொள்ளுங்கள்.

குறி: ஆன்டிபாடி போடாத செடியும் ஒளிர்கிறது

பச்சையம் சிவப்பில் ஒளிரும். சுவரில் உள்ள லிக்னினும் பீனால் பொருள்களும் நீலத்திலும் பச்சையிலும் ஒளிரும். தேயிலையிலும் பெரணியிலும் பீனால் மிகுதி. வெட்டிய சில நிமிடத்தில் பழுப்பேறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பச்சையம் உள்ள திசுவுக்குச் சிவப்புச் சாயம் வேண்டாம். ஆல்டிஹைடு தரும் ஒளியைச் சோடியம் போரோஹைட்ரைடு தணிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதுவும் போடாத ஸ்லைடு எவ்வளவு ஒளிர்கிறதோ அந்த அளவை அதே கேமரா அமைப்பில் எழுதி வையுங்கள்.

குறி: பிளாட்டில் பட்டை தவறான இடத்தில்

புரதங்களை எடை வாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில், காமா ட்யூபுலின் 50 கிலோடால்டனை ஒட்டி வர வேண்டும். இலைச் சாற்றில் அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இலையில் மிகுந்திருக்கும் ஒளிச்சேர்க்கை நொதியான ரூபிஸ்கோவின் பெரிய துணையலகு, சுமார் 55 கிலோடால்டன், மலைபோல உட்கார்ந்திருக்கும். பட்டையை நெளிய வைக்கும், ஆன்டிபாடியையும் ஒட்டவைக்கும். இலையை விட்டு வேரை எடுங்கள்.

இன்னொன்று: ஊட்டியின் உயரம் ஏறக்குறைய 2,240 மீட்டர். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். "95 டிகிரியில் ஐந்து நிமிடம்" என்ற வரியைத் திறந்த நீர்த்தொட்டியில் யாராலும் நிறைவேற்ற முடியாது. பிளாட் மாதிரிக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் சரியாகிவிடும். மெழுகில் வெட்டிய திசுவின் மறைந்த இடங்களைச் சிட்ரேட் பஃபரில் மீட்பதற்கு அது போதாது. பிரஷர் குக்கர் வாங்குங்கள். விசில் வரும் நேரத்தில் உள்ளே 115 டிகிரிக்கு மேல் போயிருக்கும். பருப்பு வேக இந்த மலையில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த வழி இது, ஆய்வகத்தில் மட்டும் மறந்துவிடுகிறோம்.

குறி: எல்லா ஸ்லைடிலும் ஒரே மங்கல்

லென்ஸில் பூஞ்சை. ஜூனிலிருந்து நவம்பர் வரை சிலிக்கா ஜெல் நீலமாக இருக்கிறதா என்று வாரந்தோறும் பாருங்கள்.

குறி: செடியில் உண்மையான புள்ளியைப் பார்க்க வேண்டும்

பார்க்கலாம். நீந்தும் ஆண் அணுக்களை உண்டாக்கும் தாவரங்களில், அந்த அணு உருவாகும் நேரத்தில் மட்டும், முன்பு இல்லாத சென்ட்ரியோல்கள் புதிதாகப் பிறக்கின்றன. மாஸ், பெரணி, சைக்கஸ், கிங்கோ எல்லாம் இந்தக் கூட்டம். சோலைக்காட்டு மரப்பெரணியின் ஸ்போர்களை அகரில் தூவி, இதய வடிவப் படலம் வளர்ந்தபின் அதன் ஆண் உறுப்புகளில் சென்ட்ரின் ஆன்டிபாடியைப் போடலாம். ஸ்போருக்காக இலையை ஒடிக்க வேண்டியதில்லை. வனத்துறை அனுமதியோடு சிறு துண்டு போதும்.

நேரத்தைக் கணக்கிட்டுச் செய்ய, பெரணி இனத்தைச் சேர்ந்த ஆரைக்கீரை (மார்சிலியா) இன்னும் நல்லது. வயல் வரப்பிலிருந்து அதன் அவரை விதை போன்ற கடினமான ஸ்போர் உறைகளைக் கொண்டுவந்து காயவைத்தால் நெடுநாள் கெடாது. ஓர் உறையின் ஓரத்தைக் கத்தியால் கீறித் தண்ணீரில் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஒரு பசை வளையம், ஸ்போர் பைகளைச் சுமந்துகொண்டு, புழுப்போல நீண்டு வெளியே வரும். அந்தக் கணத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. இதே பேரினத்தைச் சேர்ந்த மார்சிலியா வெஸ்டிட்டாவில் 20 டிகிரியில் சுமார் 11 மணி நேரத்தில் ஆண் அணுக்கள் நீந்தி வெளியேறுகின்றன. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கும் மேற்பட்ட கசையிழைகள். செல் பிரிதல்கள் எல்லாம் முதல் ஐந்தரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கடைசிப் பிரிதல்களை ஒட்டித்தான், புதுச் சென்ட்ரியோல்கள் பிறக்கும் பொதியான பிளெஃபரோபிளாஸ்ட் தோன்றும். ஆகவே நான்காம் மணியிலிருந்து ஏழாம் மணி வரை அரை மணிக்கு ஒரு குழாயாக நிலைப்படுத்துங்கள். நுண்ஸ்போரின் ஓடு தடித்தது, ஆன்டிபாடி அதைத் தாண்டாது. பதித்து மெல்லிய வெட்டுகளாக எடுத்த பிறகே சாயமிட வேண்டும். தண்ணீரை இன்குபேட்டரில் 20 டிகிரியிலேயே வைத்திருங்கள். சன்னல் ஓரத்தில் விட்டால் ஜனவரிக் குளிரில் கடிகாரம் பின்தங்கி, ஏழாம் மணிக் குழாயிலும் உங்களுக்குப் பிளெஃபரோபிளாஸ்ட் கிடைக்காது.